மலைக்குள் இருக்கும் ஒன்சென் விடுதி (ரியோகான்): அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

தாமிரவருணி

எல்லோருக்கும் வணக்கம். யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். அக்டோபர் நடுவில் அம்மாவும் அப்பாவும் அம்பாசமுத்திரத்திலிருந்து முதல்முறையாக வருகிறார்கள். தோக்கியோ, கியோத்தோ எப்படியும் காட்டிவிடுவேன். அதோடு, மலைக்குள் இருக்கும் பழைய ஒன்சென் (வெந்நீர் ஊற்று) விடுதி ஒன்றில் அவர்களைத் தங்க வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மனத்தில் இருப்பது அகிதா மாவட்டத்து நியூத்தோ ஒன்சென். பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், புல் கூரை போட்ட விடுதி, சுற்றிலும் காடு.

ஆனால் தயக்கங்கள் நிறைய. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்பா மீன் சாப்பிடுவார். அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது, முழங்கால் வலியும் உண்டு. துணியில்லாமல் நாலு பேர் நடுவில் குளிப்பது என்றதும் அம்மா போனிலேயே "அதெல்லாம் நமக்கு ஒத்து வராது ராசா" என்று சொல்லிவிட்டார். அம்மா முன்கையில் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கிறது. பச்சை குத்தியவர்களை ஒன்சென்னில் விடமாட்டார்கள் என்கிறார்களே?

போன அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். போகலாமா, விட்டுவிடலாமா?

கடலோரம்

தம்பி, நேராகவே சொல்கிறேன், வேண்டாம். ரியோகானில் வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ராத்திரிச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து, கொஞ்சம் நல்ல இடமென்றால் ஒருவருக்கு இருபதாயிரம் யென்னுக்குக் குறையாது. மூன்று பேருக்கு ஒரே ராத்திரியில் அறுபதாயிரம் போய்விடும். அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான், அந்தச் சாப்பாட்டில் அம்மாவால் முக்கால்வாசியைத் தொட முடியாது.

ஹகோனேவுக்குப் பகலில் கூட்டிப் போய் வாருங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ் கார் ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஓவாகுதானியில் புகை கக்கும் மலையைப் பார்க்கலாம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறை எடுத்தால் குடும்பத்தோடு குளித்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடலாம். வயதானவர்களை வைத்துக்கொண்டு அகிதா வரைக்கும் அலைய வேண்டியதில்லை.

மலைவாசி

கடலோரம் அண்ணன் சொன்ன காசுக் கணக்கு சரி. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

ஓட்டல் என்றால் ஊர் சுற்றிவிட்டு வந்து படுக்கிற இடம். மலை ரியோகானில் சுற்றிப் பார்க்க வேண்டிய ஊரே அந்த விடுதிதான். பகல் முழுக்க அலைந்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்குப் போய் இறங்கினால் கொடுத்த காசு வீண்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. பெரும்பாலான இடங்களில் மூன்று மணிக்கு அறை கொடுப்பார்கள். மூன்று மணிக்கே போய்விடுங்கள். மறுநாள் பத்து மணிக்கு வெளியேறும்வரை வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் அவர்களே எடுத்து வைத்துவிடுவார்கள். தாழ்வாரத்தில் நடக்க ஸ்லிப்பர். தத்தாமி பாய் போட்ட அறைக்குள் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிப்பறை வாசலில் வேறு ஸ்லிப்பர் கிடக்கும். அதைப் போட்டுக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்துவிடக் கூடாது என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் வீடுகளில் செருப்பைத் திண்ணையோடு விட்டுப் பழகியவர்களுக்கு மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அறையைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளை நக்காய்-சான் என்பார்கள். அவர் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பார், கூடவே அந்த ஊர் இனிப்பு ஒன்று இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டே குளிக்கப் போங்கள். பயணக் களைப்போடு வெறும் வயிற்றில் சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும். உடுத்திக்கொள்ள யுகாத்தா என்ற பருத்தி அங்கி வைத்திருப்பார்கள். இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. அக்டோபரில் மலையில் குளிர் இருக்கும் என்பதால் மேலே போட்டுக்கொள்ளத் தடித்த மேலங்கியும் கொடுப்பார்கள். அதோடு விடுதி முழுக்க நடக்கலாம், சாப்பிடவும் போகலாம்.

ஆறு, ஆறரைக்குச் சாப்பாடு. மலை விடுதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இரோரி, அதாவது தரையில் சதுரமாக வெட்டிச் சாம்பல் நிரப்பிய கணப்பு. இவானா என்று மலையாற்று மீன். அதை நீந்துகிற மாதிரி வளைத்து மூங்கில் குச்சியில் கோத்து, துடுப்பிலும் வாலிலும் மட்டும் உப்பை அப்பியிருப்பார்கள், அவை கருகாமல் இருக்க. கரித் தணலைச் சுற்றிச் சாம்பலில் குச்சியைச் சாய்த்து நட்டுவிட்டால், தலை கீழ்ப்பக்கம் இருப்பதால் கொழுப்பு மெல்ல வடிந்து தலையெல்லாம் மொறுமொறுவென்று ஆகிவிடும். முள்ளோடு சாப்பிடலாம். அவசரமே கிடையாது, ஒரு மீனுக்கு ஒரு மணி நேரம்கூட எடுப்பார்கள். தாமிரவருணிக் கரையில் வளர்ந்த உங்கள் அப்பாவுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

சாப்பிட்டு வருவதற்குள் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஃபுத்தோன் படுக்கை விரித்திருப்பார்கள். விடுதிக்கு வந்ததும் ஒரு குளியல், படுக்கும் முன் ஒரு குளியல், விடியும்போது ஒரு குளியல். நடுவில் சும்மா இருப்பது. பெற்றோரோடு அப்படிச் சும்மா இருக்க நமக்கு வேறெங்கே நேரம் கிடைக்கிறது? ஹகோனே போய்த் திரும்பும் பகல் பயணத்தில் அது கிடைக்காது.

கயல்விழி

அம்மாவின் கூச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், தம்பி. என் மாமியாரையும் அழைத்துப் போயிருக்கிறேன்.

பெண்கள் பக்கம் முழுக்கப் பெண்கள் மட்டும்தான். பொதுவாகச் சிவப்புத் துணி தொங்கும் வாசல் பெண்களுக்கு, நீலம் ஆண்களுக்கு. பல விடுதிகளில் ராத்திரி இரண்டையும் மாற்றிவிடுவார்கள், இரண்டு பக்கக் குளங்களையும் எல்லோரும் அனுபவிக்கட்டும் என்று. அதனால் காலையில் பழகிய வாசலுக்கே போகாமல் துணியைப் பார்த்துவிட்டு நுழையச் சொல்லுங்கள்.

உள்ளே போனால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. உடை மாற்றும் அறையில் கூடையில் துணியை வைத்துவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போவார்கள். நடக்கும்போது அதை முன்னால் பிடித்துக்கொள்ளலாம், எல்லா வயதுப் பெண்களும் அப்படித்தான் செய்கிறார்கள். வரிசையாகச் சின்ன முக்காலிகள், குழாய்கள் இருக்கும். உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும். குளம் அழுக்குப் போக்க இல்லை, ஊறிக் கிடக்க. துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். கூந்தலும் தண்ணீரில் படக்கூடாது என்பதால் கொண்டையாகத் தூக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வெள்ளை நீர்க் குளமென்றால் கழுத்துவரை இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. என் மாமியார் முதலில் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு ஜப்பானியப் பாட்டி தன் பக்கத்து முக்காலியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவ்வளவுதான், கூச்சம் போய்விட்டது.

அப்படியும் மனம் வராவிட்டால் கஷிகிரி இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ உங்கள் குடும்பத்துக்கு மட்டும் கதவை அடைத்துத் தருவார்கள்.

நியூத்தோ என்பதால் இன்னொன்று. அங்குள்ள சில விடுதிகளில் திறந்தவெளிக் குளம் ஆண் பெண் இருவருக்கும் பொது. பழைய வழக்கம். ட்சுரு-நோ-யு விடுதிப் படங்களில் நீங்கள் பார்த்த பெரிய வெள்ளைக் குளம் அப்படிப்பட்டதுதான். ஆனால் அங்கேயே பெண்களுக்கு மட்டுமான திறந்தவெளிக் குளமும் உண்டு. அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போனபின் தெரியவந்தால் சங்கடம்.

மெட்டி, கொலுசு இரண்டையும் அறையிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கந்தக நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றால் கறுத்ததை ஊருக்குப் போய் மெருகு போட்டுக்கொள்ளலாம், பயப்பட ஒன்றுமில்லை. தங்கத் தாலிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

தாமிரவருணி

கயல்விழி அக்கா, மிக்க நன்றி. இதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மெட்டியைக் கழத்த மாட்டேன், வேணும்னா கறுத்துட்டுப் போகட்டும்" என்றார். அப்படியென்றால் வர மனம் வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பச்சை விஷயம் யாருக்காவது தெரியுமா?

நெய்தல்

பச்சைக்குத் தடை சொல்வது பெரும்பாலும் யாக்குசா என்ற குற்றக் கும்பல்களை மனத்தில் வைத்துத்தான். அதற்கும் முன்னால், 1872 இல் மெய்ஜி அரசு பச்சை குத்துவதையே தடை செய்தது. வாயைச் சுற்றியும் கையிலும் பச்சை குத்திக்கொள்வது ஐனு பழங்குடிப் பெண்களின் மரபு. அவர்களும் அந்தக் கெடுபிடிக்கு ஆளானார்கள். தடை நீங்கியது 1948 இல்தான். 2013 இல் நியூஸிலாந்திலிருந்து ஒரு மாநாட்டுக்கு வந்த மாவோரிப் பெண் ஒருவரை, முகத்தில் மரபுப் பச்சை இருக்கிறது என்று ஹொக்காய்தோவில் ஒரு குளியல் நிலையம் திருப்பி அனுப்பியது பெரிய செய்தியானது. 2016 இல் ஜப்பான் சுற்றுலாத் துறை, வெளிநாட்டவரின் பச்சையைப் பண்பாட்டு வேறுபாடாகப் பார்த்து வழி செய்து கொடுங்கள் என்று குளியல் நிலையங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் முடிவு இன்றும் அந்தந்த விடுதி கையில்தான்.

நம் அம்மாக்கள் கையில் இருக்கும் கோலப் புள்ளிப் பச்சையை மறைக்கத் தோல் நிற ஒட்டு ஒன்று போதும், மருந்துக் கடையிலேயே கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். ஒரு பாட்டியின் கையில் இருக்கும் பச்சையை மறைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வாசலில் நின்று வாதாடுவதைவிட முன்னாலேயே கேட்டுவிடுவது அம்மாவுக்கு மரியாதை.

பூசணிப்பூ

சைவம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, இங்கே அதுதான் பெரிய சிக்கல். நானும் சைவம்தான்.

இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது. எல்லாவற்றுக்கும் அடியில் தாஷி இருக்கிறது. கத்சுவோ மீனைப் புகைபோட்டுக் காய வைத்துச் சீவி எடுக்கும் சாறு. மிசோ (சோயா விழுது) சூப்பில் அதுதான். அவித்த காய், கீரைப் பொரியல், தொட்டுக்கொள்ளும் சாறு, சில ஊறுகாய்கள் வரைக்கும் அது போகும். கண்ணுக்குத் தெரியாது. "கத்சுவோ தாஷியும் கூடாது, கொம்பு கடற்பாசியும் ஷீத்தாகே காளானும் போட்ட தாஷி சரி" என்று ஜப்பானிய மொழியில் எழுதிக் கேளுங்கள். அறையில் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். மலைக்குள் இருக்கும் சிறிய விடுதியில் சமையல்காரர் ஒருவர், இருவர்தான். அன்றைக்குச் சமைக்க வேண்டியதை அவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள். முடியாது என்று அவர்கள் முன்பே சொல்லிவிட்டால் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நேர்மையாகச் சொல்கிறார்கள்.

சைவத்துக்கு மனக்குறை இல்லாமல் தங்க வேண்டுமென்றால் வாக்காயாமா மாவட்டத்தில் கோயாசான் இருக்கிறது. கூக்காய் துறவி 816 இல் தொடங்கிய மலை மடம். சுமார் 800 மீட்டர் உயரத்தில், ஐம்பதுக்கு மேற்பட்ட கோயில்கள் விருந்தினரைத் தங்க வைக்கின்றன. சாப்பாடு ஷோஜின் ர்யோரி என்ற துறவிகளின் சைவச் சமையல். மீன் சாறு கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. எள்ளுத் தோஃபுவும், உறைய வைத்துக் காய வைத்த கோயா தோஃபுவும் அங்கே சாப்பிட்ட பிறகு வேறு எங்கேயும் எனக்கு அந்த ருசி கிடைக்கவில்லை. பெரும்பாலான கோயில்களில் சாதாரண வெந்நீர்க் குளியல்தான், ஆனால் ஃபுகுச்சி-இன் என்ற கோயிலில் ஒன்சென்னே உண்டு. கியோத்தோ போகிறீர்கள் என்றால் அங்கிருந்து இது தூரமில்லை.

கடலோரம்

பாருங்கள், சாப்பாட்டுக்கே இத்தனை கடிதப் போக்குவரத்து. தண்ணீரைப் பற்றியும் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். சூடான தண்ணீர் எங்கே இருந்தாலும் சூடான தண்ணீர்தானே? பொதிகை அடிவாரத்தில் அருவியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது?

ஊற்றுக்கண்

அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள். எனக்கு இந்த நாட்டில் மிகப் பிடித்த விஷயமே அந்தத் தண்ணீர்தான்.

1948 இல் வந்த ஒன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிவரும்போது 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும், அல்லது சட்டம் சொல்லும் 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். ஆகவே பலகையில் ஒன்சென் என்று போட்டிருப்பதை மட்டும் வைத்துத் தண்ணீரின் தரத்தை முடிவு செய்ய முடியாது. குளிர்ந்த ஊற்றைக் காய்ச்சி, குளோரின் போட்டு, வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டாலும் அது ஒன்சென்தான். நாம் தேட வேண்டியது 'கென்சென் ககெநகாஷி'. ஊற்றிலிருந்து நேராகக் குளத்துக்கு வந்து, வழிந்து, அப்படியே வெளியே போய்விடும் தண்ணீர். உடை மாற்றும் அறைச் சுவரில் நீர்ப் பகுப்பாய்வுத் தாள் மாட்டியிருக்கும். நாகானோவில் ஷிராஹோனே என்ற பெயர்பெற்ற வெள்ளை நீர் ஊரில், சில குளங்களில் வெண்மைக்காகப் பொடி கலந்தது 2004 இல் வெளிவந்து நாடே கொதித்தது. அதற்கு மறு ஆண்டு முதல், தண்ணீர் கலக்கிறார்களா, காய்ச்சுகிறார்களா, சுற்றவிடுகிறார்களா, ஏதாவது சேர்க்கிறார்களா என்பதையும் எழுதி மாட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நான் எங்கே போனாலும் முதலில் அந்தத் தாளைத்தான் படிப்பேன்.

ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு. குன்மாவில் குசாத்சு நீர் கடும் அமிலம். சூடும் அதிகம் என்பதால் நீளமான பலகைகளால் துழாவி ஆற்றுவார்கள், குளிர்ந்த நீர் கலந்து அதன் சத்தைக் குறைக்க மனம் வராமல். அகிதாவில் தாமாகாவா அதைவிடக் கடுமை, அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 1.2 பக்கம் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). ஒரே வாயிலிருந்து 98 டிகிரியில் நிமிடத்துக்கு சுமார் 9,000 லிட்டர் வருகிறது. அந்த அமில நீரை 1940 இல் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் தாசாவா ஏரியில் திருப்பிவிட்டார்கள். ஜப்பானிலேயே ஆழமான ஏரி அது, 423 மீட்டர். அங்கே மட்டுமே இருந்த குனிமாசு மீன் அதோடு அழிந்துபோனது. அழிவதற்கு முன் வேறு ஏரிகளுக்கு முட்டை அனுப்பியிருந்ததால், 2010 இல் ஃபுஜி மலைப் பக்கத்து சாய்கோ ஏரியில் அதே மீன் உயிரோடு இருப்பது தெரியவந்தது. நியூத்தோ போக நீங்கள் இறங்கும் ரயில் நிலையம் அந்த ஏரியின் பெயர் கொண்ட தாசாவாகோ நிலையம்தான். நேரமிருந்தால் ஏரிக்கரையில் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நியூத்தோவில் ஏழு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊற்று. ட்சுரு-நோ-யுவில் மட்டும் ஐம்பது மீட்டர் ஆரத்துக்குள் தன்மை வேறான நான்கு ஊற்றுகள். 1638 இல் அகிதாவின் இரண்டாம் சத்தாக்கே பிரபு குளிக்க வந்ததாகப் பதிவு உண்டு. காவலர்கள் தங்கிய இடம்தான் நீங்கள் படத்தில் பார்த்த புல் கூரை வரிசை. கந்தக நீர் ஊற்றுக் கண்ணில் தெளிவாகத்தான் வரும், காற்றுப் பட்டபின் வெளுக்கும். குளத்துக்குள் தண்ணீர் விழும் இடத்தில் பார்த்தால் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். ஏழில் எதில் தங்கினாலும் மற்ற ஆறிலும் குளித்துவர ஒரு குளியல் ஏடு விற்கிறார்கள், சிற்றுந்தும் சுற்றி வரும்.

வெண்பனி

செவிலியராக இருக்கிறேன். அப்பாவுக்காக எழுதுகிறேன்.

மருந்தால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பொதுவாகத் தடையில்லை, ஆனால் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஆபத்து பெரும்பாலும் வெப்பநிலை சட்டென்று மாறும் இடத்தில்தான். குளிர்ந்த உடை மாற்றும் அறையில் அழுத்தம் ஏறும், சூடான நீரில் இறங்கிச் சற்று நேரத்தில் அழுத்தம் குறையும், எழுந்து நிற்கும்போது இன்னும் குறையும். அதனால் இறங்கும் முன் கால், கை, தோள் என்று முகந்து ஊற்றிப் பழக்கிக்கொள்ளட்டும். 42 டிகிரிக்கு மேற்பட்ட குளத்தைத் தவிர்த்து, மிதமானதில் பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொள்ளட்டும். தண்ணீர் வந்து விழும் பக்கம்தான் சூடு அதிகம், அதற்கு எதிர்ப்பக்கம் உட்காரலாம். எழும்போது விளிம்பைப் பிடித்து மெதுவாக. மது அருந்திவிட்டோ, வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயோ கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும். கந்தகக் குளங்களில் தரை வழுக்கும், அவர் தனியாகப் போகாமல் நீங்களும் கூடப் போங்கள்.

முழங்காலுக்கு: உட்கார்ந்து எழ உயர நாற்காலியும், சாப்பிட மேசையும், முடிந்தால் கட்டில் போட்ட அறையும் கேளுங்கள். இப்போது நிறைய விடுதிகளில் வைத்திருக்கிறார்கள். பழைய மரக் கட்டடங்களில் மின்தூக்கி இருக்காது, சில அறைகளுக்குக் கழிப்பறை தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும். தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பிணிகள் யாராவது இந்த இழையைப் படித்தால்: ஒன்சென் கூடாது என்ற பட்டியலிலிருந்து கர்ப்பத்தை 2014 இலேயே ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் எடுத்துவிட்டது. வழுக்காமல் பார்த்துக்கொள்வதும், அதிக நேரம் ஊறாமல் இருப்பதும் முக்கியம்.

மலைவாசி

சாப்பாட்டுச் சிக்கலுக்கு ஒரு வழி யோசித்தேன். சொல்லப்போனால் ரியோகானைவிடப் பழைய வழி அது.

இன்று நாம் பார்க்கும் பன்னிரண்டு வகைச் சாப்பாடு, நக்காய்-சான், அலங்கார மாடம் எல்லாம் ஒன்சென்னின் ஒரு முகம்தான். வடகிழக்கு ஜப்பானில், தோஹோக்குவில், உழவர்கள் நடவு முடிந்தும் அறுவடை முடிந்தும் அரிசி, மிசோ, காய் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஊற்றுக்குப் போய்த் தங்குவார்கள். தோஜி என்று பெயர். ஏழு நாள் ஒரு சுற்று, முடிந்தவர்கள் மூன்று சுற்று. தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, நாளுக்குச் சில முறை குளித்து, வலித்த முதுகையும் முழங்காலையும் ஆற்றிக்கொண்டு அடுத்த பருவத்துக்குத் திரும்புவார்கள். அந்த வழக்கத்துக்கான சமையல் கட்டோடு கூடிய பகுதிகள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அவோமோரியில் சுகாயுவில் உண்டு. 1954 இல் நாட்டின் முதல் தேசிய ஆரோக்கிய ஒன்சென்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம், நூற்றறுபது தத்தாமி அளவில் மரத்தாலான ஒரே பெரிய குளியல் கூடம்.

உங்களுக்கு நான் சொல்வது இவாத்தே மாவட்டம் ஹனமாகி பக்கத்து ஓசாவா ஒன்சென். தொயோசாவா ஆற்றங்கரையில் இருக்கிறது. மியாசாவா கென்ஜி என்ற கவிஞரின் சொந்த ஊர் ஹனமாகி, அவரும் வந்து தங்கிய இடம். அங்கே தோஜியா என்ற பழைய மரக் கட்டடத்தில் பொதுச் சமையலறை உண்டு. பாத்திரம், தட்டு, குளிர்சாதனப் பெட்டி இருக்கும். நாணயம் போட்டால் எரியும் எரிவாயு அடுப்பு. தலைக்கு இருபதாயிரம் என்ற கணக்கே இங்கே வராது, சாப்பாடு சேராத வாடகை அதில் சிறு பங்குதான். ஆற்றை ஒட்டித் திறந்தவெளிக் குளம் இருக்கிறது, அது இருபாலருக்கும் பொது. பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரமும், தனிக் குளங்களும் உண்டு.

அம்மா தன் கையாலேயே சமைக்கலாம். விருந்தாளியாக உட்கார வைத்து மீன் சாறா இல்லையா என்று பயந்து பயந்து சாப்பிட வைப்பதைவிட, பக்கத்து அடுப்பில் ஒரு ஜப்பானியப் பாட்டி முள்ளங்கி அவிக்க, இவர் இங்கே ரசம் வைக்கட்டும். முழங்கால் வலியோடு வருகிற உழவருக்காகத்தான் இந்த இடங்களே உண்டாயின. உங்கள் அப்பா அம்மாவுக்கு அங்கே இருக்கிற உரிமை வேறு எந்தச் சொகுசு விடுதியிலும் கிடைக்காது என்று நான் மனதாரச் சொல்வேன்.

கடலோரம்

மலைவாசி, இது எனக்குத் தெரியாத சங்கதி. காசைப் பற்றிய என் மறுப்பு இந்த இடத்துக்குப் பொருந்தாது. சமையல் கட்டு இருந்தால் அம்மாவுக்கு நிம்மதி என்பதும் உண்மை. வசதியைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கிறேன்: பழைய மரக் கட்டடம், காகிதக் கதவு, பக்கத்து அறைப் பேச்செல்லாம் கேட்கும். வயதானவர்களுக்குத் தூக்கம் வருமா?

மலைவாசி

கேட்கும் அண்ணா. நடந்தால் தாழ்வாரம் கிறீச்சிடும், ஆற்றுச் சத்தமும் ராத்திரி முழுக்க உண்டு. ஆனால் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் அடங்கிவிடுவார்கள். அமைதி மிகவும் தேவைப்பட்டால் அதே ஓசாவாவில் சான்சுயிகாக்கு என்று ஓட்டல் பாணிக் கட்டடமும் இருக்கிறது. அங்கே தங்கினாலும் தோஜியா பக்கத்துக் குளங்களில் குளிக்கலாம்.

தாமிரவருணி

முடிவு செய்துவிட்டேன். முதலில் ஓசாவாவில் தங்கி, அம்மா சமையல். அதன் பிறகு ஒரே ஒரு ராத்திரி நியூத்தோ, அப்பாவின் மீனுக்காகவும் வெள்ளைத் தண்ணீருக்காகவும். அந்த ராத்திரிக்கு அம்மாவுக்குச் சோறும் உப்பில் தேய்த்த காயும் தரச் சம்மதிக்கும் விடுதியைக் கேட்டுப் பார்க்கிறேன். கூட ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவோம். கோயாசான், கியோத்தோ போகும்போது. பயணம் எப்படி என்று யாராவது சொல்லுங்கள்.

ஊற்றுக்கண்

தோஹோக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகியில் இறங்குங்கள். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து விடுதி வண்டி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். பிறகு மொரியோக்கா போய் கொமாச்சி ரயிலுக்கு மாறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தாசாவாகோ நிலையம், அங்கிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மலை ஏற்றம். கொமாச்சியில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். மாலைப் பேருந்துகள் சீக்கிரம் முடிந்துவிடும், கடைசி வண்டியை நம்பிப் போகாதீர்கள். ட்சுரு-நோ-யு என்றால் வழியில் ஆல்பா கொமகுசா நிறுத்தத்தில் இறங்க வேண்டும், சொல்லி வைத்தால் விடுதி வண்டி வந்து அழைத்துப் போகும். பெரிய பெட்டிகளைத் தக்யூபின் கூரியரில் கியோத்தோ ஓட்டலுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து நியூத்தோவில் இலை சிவக்கும் காலம், அறை கிடைப்பது மிகக் கடினம். இன்றே கேளுங்கள். இன்னொன்று, அகிதாவில் 2023 இலையுதிர் காலத்தில் கரடித் தாக்குதல்கள் மிக அதிகமாக நடந்தன. விடுதிக்கு விடுதி காட்டுப் பாதையில் நடக்காமல் சிற்றுந்தில் போங்கள். விடியலில் தனியாக உலாவப் போவது அப்பாவின் பழக்கமென்றால், அங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தாமிரவருணி

ஓசாவாவுக்குப் பதிவு கிடைத்துவிட்டது! அம்மாவின் ஒரே கேள்வி: அந்தச் சமையலறையில் தாளிக்கலாமா?

கயல்விழி

தாளிக்கலாம், தம்பி. ஆனால் வற்றல் மிளகாயைக் கருக விட்டால் கட்டடம் முழுக்க இருமும், மரக் கட்டடத்தில் புகை உணரியும் இருக்கும். கடுகும் சீரகமும் மட்டும் போட்டு, மிளகைத் தட்டிப் போடச் சொல்லுங்கள். சன்னலைத் திறந்துவிட்டு, மற்றவர்கள் சமைத்து முடித்த நேரம் பார்த்துச் செய்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது. பெருங்காயத்தை இரண்டு பைக்குள் போட்டுக் கட்டி எடுத்து வாருங்கள், தத்தாமியில் வாடை ஏறினால் லேசில் போகாது.